ஐந்தாவது சுவிட்ச்

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மருத்துவர் அறைத் திரைக்கு வரும் இதயத்துடிப்புக் கோடு மூன்றாம் முறையாக அறுந்ததும், நர்ஸ் செண்பகவல்லி கேபிளைப் பிடுங்கிவிட்டதாக அறிக்கை தயாரானது. நெட்வொர்க் பார்க்கும் ஜெசிந்தா கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அவள் போடாமல், வழியில் தகவலைக் கைமாற்றிவிடும் சுவிட்ச் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். தகவல் பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் நான்கு சுவிட்ச் கடக்கும் ஆயுள்தான் கொடுக்கப்பட்டிருந்தது. நேர்ப்பாதையில் நெரிசல் என்றால் அது சுற்றுப்பாதையில் போகும். அங்கே ஐந்து சுவிட்ச். ஐந்தாவதைத் தாண்டுமுன் செத்துவிடும்.

“நாலுன்னு வச்சது நீங்கதான் சார், செண்பகாக்கா இல்ல” என்றாள், அறிக்கையைத் தயாரித்த தன் பிரிவு மேலாளரிடம்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல கையெழுத்தப் போடும்மா. அப்புறம் சத்தமில்லாம மாத்திக்கலாம்.”

“மாத்திட்டேன் சார். அறுபத்துநாலு.”

“யாரக் கேட்டு மாத்துன?”

ஜெசிந்தா அறிக்கையில் நர்ஸின் பெயரை அடித்துவிட்டு மேலாளர் பெயரை எழுதினாள், கீழே கையெழுத்திட்டாள்.

“வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார். டீன் ரூமுக்குத்தான் போறேன். நீங்களும் வாங்க.”

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் வேகமெடுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.