மிச்ச சூப்

சூயுன் நண்டின் ஓட்டில் கை வைத்த நேரம், மாமியார் தட்டையே உருவிக்கொண்டு போய்விட்டாள்.

"வாயும் வயிறுமா ஒருத்தி எதிர்ல உட்கார்ந்திருக்கா. அவ தின்ன முடியாத நண்டை நீ சப்புக் கொட்டித் திங்கணுமா?"

எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஹைரோங், வீட்டின் இளைய மருமகள். ஆறு மாசம். நண்டு குளிர்ச்சி, கர்ப்பிணிக்கு ஆகாது, சரி. ஆனால் மேஜையின் அந்தக் கோடியில் மாமனார் தன் மூன்றாவது நண்டை நிம்மதியாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சூயுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் தங்கியது. சந்தோஷம் தாங்காமல் மறுநாளே தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மாசமே கலைந்துபோனது. இனிமேல் கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்தபிறகு, நாள் கணக்குப் பார்ப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

ஹைரோங் நேற்று வந்தவள். வந்த வருஷமே மாசமாகிவிட்டாள். அன்றிலிருந்து அடுப்பில் கருங்கோழி சூப் கொதிக்காத நாளில்லை. மாமியார் மூடி போட்ட சட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். இறங்கி வந்ததும் சூயுன் முன்னால் ஒரு கிண்ணம் வந்து விழும். இது கொஞ்ச நாளாக நடக்கும் கூத்து.

"அவ மிச்சம் வெச்சது. வீணாப் போகுது, குடிச்சுத் தொலை."

அந்த மிச்சத்தில் கோழியின் இரண்டு காலும் முழுசாகக் கிடக்கும். இதைக்கூடக் கடிக்காமல் அனுப்புகிறாள் பார், எவ்வளவு கொழுப்பு என்று சூயுன் பல்லைக் கடிப்பாள். அடுப்படிப் பக்கம் போய் எண்ணெய் வாசம் பட்டாலே குமட்டும் அளவுக்கு அவளுக்குப் பொறாமை முற்றிப்போயிருந்தது.

புருஷனிடம் புலம்பலாமென்றால் அவன் கடலில். மீன்பிடித் தடை இருந்த கோடை முழுக்க வீட்டில் கிடந்தவன், தடை முடிந்த அன்றே படகேறிவிட்டான். போனில் கூப்பிட்டால், "அம்மா சொல்றதைக் கேளு, சண்டை போடாதே," என்று வைத்துவிடுகிறான்.

இருந்த ஒரே சந்தோஷம் சாயங்கால ஆட்டம். சதுக்கத்தில் பாட்டுப் போட்டுப் பெண்கள் ஆடும்போது முன்வரிசை நடு இடம் சூயுனுடையது. அதிலும் மாமியார் மண்ணைப் போட்டாள்.

"ஆட்டம் கீட்டமெல்லாம் வேண்டாம். சாப்பிட்டதும் ஹைரோங் நடக்கணுமாம், டாக்டர் சொல்லியிருக்கா. துணைக்கு நீயும் போ. மெதுவா நட."

நடந்தாள். சதுக்கத்தைத் தாண்டும்போது அவளுடைய இடத்தில் மீன்கடைக்காரி குதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பார்த்து. கல்லு கிடக்கு," என்று ஹைரோங் கையைப் பிடித்தாள்.

"வயித்தைத் தள்ளிக்கிட்டு வர்றது நீ. எனக்கென்னடி பார்த்து? விடு கையை!"

இன்றைக்கு நண்டுத் தட்டோடு பொறுமையும் போய்விட்டது. சூயுன் விருட்டென்று எழுந்து அறைக்குப் போனாள். அலமாரி மேலிருந்த பெட்டியை எடுக்க இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"ஐயோ, கையைத் தூக்காதே!"

வாசலில் மாமியார். பின்னால் மூச்சிரைக்க ஹைரோங்.

"ஏன், அவ தூக்கக் கூடாதுன்னா நானும் தூக்கக் கூடாதா? நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை. இவ மிச்சத்தைக் குடிச்சுக்கிட்டு, இவளுக்குக் காவல் நடந்துக்கிட்டு... போதும்!"

"என் மிச்சமா?" ஹைரோங்குக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, உனக்கு எடுத்து வெச்சப்புறம்தான் சட்டியே மாடிக்கு வருது! எனக்குக் கழுத்தும் இறக்கையும்தான். ஒரு காலாவது குடுங்கன்னா அத்தை என்னை முறைக்கிறாங்க!"

சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூயுன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு எதுக்கு எடுத்து வைக்கணும்?"

மாமியார் சுவர்க் காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெரிய மருமகளைத் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். இவ்வளவு பதமாக அவள் தொட்டு ஒன்பது வருஷமாயிற்று.

"போன தடவை தெரு முழுக்க மிட்டாய் குடுத்தவளாச்சே நீ. மூணு மாசம் முடியாம யார்கிட்டயும் சொல்லக் கூடாதுல்ல..."

முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான், உன்கிட்டகூடச் சொல்லலை."