பில் தேதிக்கு முந்தின நாள்

வீட்டுக் கடன் விண்ணப்பம் ஏன் நின்றுவிட்டது என்று கேட்கத்தான் செண்பகவல்லி வங்கிக்குப் போனாள். கடன் பிரிவு அதிகாரி பஜ்ஜியைக் கடித்தபடியே கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, அவள் பெயருக்கு நேரே இருந்த எண்ணின் மேல் எண்ணெய் விரலை வைத்தார்.

"கிரெடிட் கார்டுல உங்க லிமிட் ஒரு லட்சம். நீங்க ஒரு லட்சத்து ஆறாயிரம் எடுத்திருக்கீங்க. அதான் ஸ்கோர் விழுந்திருச்சு."

"அடுத்த வாரமே முழுசாக் கட்டிட்டேன் சார். அம்மா இறந்த அன்னைக்கு, பில்லைக் கட்டினாத்தான் உடம்பைத் தருவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"காரணம் எழுத இதுல இடமில்லையே மேடம். பதினாறாம் தேதி தேய்ச்சிருக்கீங்க. பதினேழு உங்க பில் தேதி. லிமிட்டைத் தாண்டின கணக்கு அப்படியே ரெக்கார்டுக்குப் போயிருச்சு. ரெண்டு நாள் தள்ளித் தேய்ச்சு, அடுத்த பில்லுக்குள்ள கட்டியிருந்தா இது பதிவாகியே இருக்காது. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வீட்டை விற்பவர் ஆறு வாரம்கூடப் பொறுக்க மாட்டார். கொடுத்த முன்பணம் போய்விடும். ரெண்டு நாள், ரெண்டு நாள் என்று முனகிக்கொண்டே படியிறங்கியவள் பாதியில் நின்றாள். அம்மா இன்னும் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கலாமே என்றுதான் அவள் மனம் இவ்வளவு நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் இருந்த கேனிலிருந்து டம்ளரில் தண்ணீர் பிடித்து, வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"தண்ணி நாறுதாம்மா?" என்று கேட்டார் காவலாளி.

"நாறுறது தண்ணி இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் டம்ளரை நிரப்பினாள்.