இருபது டிகிரி

"தான் வளர்ந்த சூட்டைத் தேடித்தான் புழு போகும், வெர்னா. உன் புழுக்கள் மட்டும் ஏன் வளர்ந்த இருபது டிகிரியைக் கண்டாலே ஓடுது? சூட்டை அறியுற நரம்பு செத்துப்போச்சா?" என்று சீறினார் பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட்.

கனடாவின் மானிட்டோபா மாநிலத்து அந்த ஆய்வுக்கூடம், பழைய செங்கல் கட்டடம் ஒன்றுக்குக் குடிவந்து ஒரு வாரமே ஆகியிருந்தது.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு, டாக்டர்," என்றாள் ஆய்வக உதவியாளர் வெர்னா. "இடம் மாத்துன அவசரத்துல அதுங்களுக்குத் தீனி வைக்கல. எந்தச் சூட்டுல பட்டினி கிடந்துச்சோ, அந்தச் சூட்டை அப்புறம் அண்டாது."

"முந்நூறு நரம்பணு உள்ள புழுவுக்கு இவ்வளவு ரோஷமா!" பேராசிரியர் சிரித்தார். புழுவின் ஒவ்வொரு நரம்பையும் எண்ணி எழுதிய அந்த அறிஞர், எதிரே நின்ற கிரீ பழங்குடிப் பெண்ணின் முகத்தை ஒருநாளும் வாசித்ததில்லை.

"அது பசிக்கு ஓடுது. உனக்கென்ன கேடு? இங்க வந்ததுலேருந்து மைனஸ் முப்பதுல வாசல்ல நின்னு சாண்ட்விச் தின்னுற! நீ விறைச்சுச் செத்தா நான்ல பதில் சொல்லணும்? இந்த அறையும் அதே இருபதுதான். நாளையிலேருந்து இங்கதான் சாப்பிடணும். இல்லேன்னா வேலைக்கு வராத."

இருபத்திரண்டு ஆண்டுகள் அணிந்த வெள்ளை அங்கியை வெர்னா கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"சின்ன வயசுல எங்களை அரசாங்கம் வீட்டுலேருந்து பிடிச்சுட்டு வந்து அடைச்ச விடுதிப் பள்ளிக்கூடம் இதுதான், டாக்டர். இந்த அறைதான் சாப்பாட்டுக்கூடம். கதகதப்பாத்தான் வெச்சிருந்தாங்க. தட்டுலதான் ஒண்ணும் விழாது. என் தங்கச்சி அந்தச் சன்னலோரம் உக்காந்தபடியே செத்துப்போனா. அவளுக்கு வயசு ஆறு."