ஸ்டேஷன் ரோட்டுத் தட்டி

சீனுவாசன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மெட்ராஸ் முதலாளி பாண்டுரங்கன் பிளஷர் காரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதுவும் சரியாக அந்தப் பனையோலைத் தட்டிக்கு எதிரே!

மல்லாட்டைக் கடலை எண்ணெய் மில் வைக்க ஊர் தேடிக்கொண்டிருந்தார் பாண்டுரங்கன். நேற்று விழுப்புரம், இன்று திண்டிவனம். மில் இங்கே வந்தால் ஊருக்கே பிழைப்பு. மல்லாட்டை மண்டி வைத்திருந்த சீனுவாசனுக்கோ யோகம்.

அதற்காக மனுஷன் படாத பாடில்லை. கடைத்தெருவுக்கு வெள்ளையடித்தார், ரோட்டில் செம்மண் கொட்டினார். ஸ்டேஷன் ரோட்டோரக் குடிசைகள்தான் கண்ணை உறுத்தின. நீளத்துக்கும் தட்டி கட்டி மறைத்துவிட்டார்.

"பின்னால என்ன?" என்றார் பாண்டுரங்கன்.

"ஒண்ணுமில்லீங்க, சும்மா புறம்போக்கு."

தட்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது.

பாண்டுரங்கன் இறங்கிப்போய் ஓலையை விலக்கினார். சீனுவாசன் அவசரமாகக் காரைவிட்டு இறங்கினார். முதலாளி கதர் கட்டுகிற மனுஷர். ஏழைகளுக்காக மேடையிலேயே கண்ணீர் விடுவார் என்று பேர்.

குடிசை வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் பதறி எழுந்தாள்.

"யாரும்மா கட்டினது இதை?"

"நாங்கதாங்க சாமி. மண்டி ஐயா ஜல்தியா கட்டச் சொன்னாரு, கட்டிக்கினோம்."

"உங்களை மறைக்க நீங்களே கட்டினீங்களா?"

"பெரிய மனுசங்க வர்றப்ப நாங்க எதுருல நிக்கலாமுங்களா?"

"கூலி?"

"ஐயா குடுக்கறப்ப குடுப்பாருங்க."

பாண்டுரங்கன் விறுவிறுவென்று காருக்குத் திரும்பினார். சரி, மில் விழுப்புரத்துக்குத்தான் என்று தீர்மானமாகிவிட்டது சீனுவாசனுக்கு. அவமானம் வேறு பிடுங்கித் தின்றது.

"தப்புதாங்க. இப்பவே பிரிக்கச் சொல்றேன்."

"எதுக்கு? விழுப்புரத்துல ஜங்ஷன் இருக்கு, தண்ணி இருக்கு. எல்லாம் இருந்து என்ன? நேத்து நாலு கூலியாளைக் கூப்பிட்டேன். எத்தனை மணி வேலை, என்ன கூலின்னு என்னையே கேள்வி கேட்கறானுங்க!"

பாண்டுரங்கன் கதர்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மில் இங்கதான், சீனுவாசன். இந்த மாதிரி ஜனங்க வேற எந்த ஊர்ல கிடைப்பாங்க?"

சீனுவாசனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டது கிடைத்துவிட்டது, கும்பிட எடுத்த கைதான் பாதியில் நின்றுவிட்டது.

விலகிக் கிடந்த ஓலையை உள்ளேயிருந்து குப்பம்மாளே இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.