கொசுவத்துக்குக் கழித்தது

அண்ணி கம்ப்யூட்டர் திரையில் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

இளவரசி, எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று அண்ணன் கேட்டுவிட்டுப் போனான். பொம்மைக்கு முடி எதற்கு? தோளும் இடுப்பும் முட்டியும் சரியாக மடங்கினால் போதும்.

என் வேலை அதுதான். ஒரு கம்பெனி புது மேசை போடுவதற்கு முன்னால், இந்தப் பொம்மையை அதன் எதிரில் நிறுத்தி வேலை செய்ய வைத்துப் பார்ப்பேன். உடம்பு தாங்கும் இடம் பச்சையாக இருக்கும். தாங்காத இடம் சிவக்கும்.

மென்பொருளோடு வந்த பெண் பொம்மைகள் எல்லாம் பனைமர உயரம். உத்திரமேரூர்ப் பக்கம் அப்படி யார் இருக்கிறார்கள்? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று அண்ணியையே நிற்க வைத்து, தையல்காரர் டேப்பால் அளந்து, அவள் உடம்பிலேயே ஒன்றைச் செய்தேன். கீதா என்று அவள் பெயரையே வைத்தேன்.

மேசையும் அவள் கம்பெனிக்குத்தான். கார் வயர்களைக் கட்டும் லைன். மேசை மட்டும் புதிது. வயர் பெட்டிகள் பழையபடி மேசையின் அந்தக் கடைசியில்தான். சரி என்று நான் அறிக்கை அனுப்பிவிட்டால் லைன் முழுக்க அதையே போட்டுவிடுவார்கள்.

போன வருஷம் கரு கலைந்த பிறகும் அண்ணி வேலையை விடவில்லை. தினமும் மானாம்பதியில் கம்பெனி வேன் ஏறிவிடுவாள். பப்பாளி தின்று கலைத்துக்கொண்டாள் என்று அம்மா தெருவெல்லாம் பேசிய பேச்சுக்கு, வீட்டில் இருப்பதைவிட லைனில் நிற்பதே மேல் என்று நினைத்தாளோ என்னவோ.

இன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்தவள் சாப்பாட்டுப் பையைக்கூட இறக்காமல் என் பின்னால் வந்து நின்றாள். பொம்மை எக்கி வயரை எடுத்தது. தலையிலிருந்து கால்வரை நாற்றங்கால் மாதிரி பச்சை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கென்றே செய்த மேசை என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னாள். மறுபடியும். பிறகு, இடுப்புக்கு என்ன அளவு போட்டாய் என்று கேட்டாள்.

அளக்கும்போது நைட்டி போட்டுக்கொண்டு வரச்சொல்லிக் கெஞ்சியிருந்தேன். கூச்சமாக இருக்கிறது என்று புடவையிலேயே நின்றாள். புடவைமேல் அளந்தால் உள்ள அளவு வருமா? கொசுவத்துக்கும் பாவாடை முடிச்சுக்கும் என்று நானாகத் தாராளமாகக் கழித்துவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் செய்ததுபோல் அதையும் சொன்னேன்.

அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா உள்ளே தாளித்துக்கொண்டிருந்தாள்.

"கொசுவத்துக்குனு கழிச்ச இல்ல, அத்த திருப்பி சேரு" என்றாள், மெதுவாக.

அவளை நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. வயிறு தெரிந்தால், லைனுக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் ரெஸ்ட் எடும்மா என்பார். அந்த ரெஸ்ட்டுக்கு முடிவே கிடையாது. வீட்டிலோ அம்மா இருக்கிறாள்.

சேர்த்தேன். பொம்மையின் வயிறு முன்னால் வந்தது. மேசை விளிம்பு இடிக்க, சற்றுப் பின்னால் தள்ளி நின்று, முதுகை வளைத்து, வயருக்குக் கையை நீட்டியது.

அடி இடுப்பு முழுக்கச் சிவந்துவிட்டது.

மறுபடி எடுக்கச் சொல்லவில்லை அண்ணி. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. விடிந்தால் நான் அறிக்கை அனுப்ப வேண்டும். அவளுக்கு வேன் வந்துவிடும்.

"போன வருசம் நான் பப்பாளி துன்னவே இல்ல, இளவரசி."