காட்டிக் கொடுத்த பெட்டி

"யார் சார் என்னைப் போட்டுக்கொடுத்தது?" என்று கேட்டார் பஸ் டிரைவர்.

"உங்க இதயம்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் சிரித்தார். சிரிப்புக்குத் துணை கிடைக்காததால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடியது. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் கட்டியிருந்த பெட்டி பதிவு செய்த துடிப்பு அது.

"உங்களுக்கு இதயத் தசை பலவீனம்னு முன்னாடியே தெரியும். இந்த மாதிரி ஆளுங்கள்ல சிலருக்குத் துடிப்பு திடீர்னு தறிகெட்டு ஓடும். யாருக்கு ஓடும்னு இந்தக் கோட்டை வச்சே கம்ப்யூட்டர் முன்கூட்டிச் சொல்லிடுது. சிவப்பு காட்டுது பாருங்க. எந்த நிமிஷமும் வரலாம். இன்னைக்கே அட்மிட் ஆகுங்க, நெஞ்சுல ஒரு கருவி வைக்கணும். ஸ்டியரிங்கை மறந்துடுங்க."

மறப்பதாவது! ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால்தான் பஸ் என்று டெப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்காக அவர் பக்காவாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அது தெரிந்த ஒரே ஜீவன், கூடப் பிறந்த தம்பி.

"ஸ்டிக்கர் ஒட்டின இடத்துல அரிப்பு இருக்கா?"

"இல்லையே."

"கொடுத்து வச்சவர். மத்தவங்க சொறிஞ்சே புண்ணாக்கிடுவாங்க."

துணிமணி எடுத்து வருகிறேன் என்று சொல்லி நழுவியவர், நேராக டெப்போவுக்கு நடையைக் கட்டினார். வழியெல்லாம் வயிறு எரிந்தது. தம்பிக்குத் தற்காலிக டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணன். பெண் பார்த்தது அண்ணன். பெண்ணுக்கு இவனைப் பிடிக்காமல் போனபோது இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கியதும் அண்ணன்தான்.

டெப்போவில் அவருடைய பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய சீட்டில், அவர் மனைவி தைத்துக் கொடுத்த மெத்தையின் மேல், தம்பி! சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, சீப்பால் நெஞ்சைச் சுகமாகச் சொறிந்துகொண்டிருந்தான்.

"உட்கார்ந்தாச்சா மகாராஜா?"

"அண்ணா! நீ வர்ற வரைக்கும் என்னை எடுக்கச் சொன்னாங்க. ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"வந்துச்சு. என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடா! வேணும்னேதானே கெடுத்த?"

"நான் என்னண்ணா கெடுத்தேன்?"

"நடிக்காத. இந்த சீட்டு வேணும்னா கேட்டிருக்கலாமே. முதுகுல குத்தணுமா?"

பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"அம்மா மேல சத்தியமா, நீ சொன்னதுக்கு மேல ஒண்ணும் பண்ணலண்ணா. உன் சீட்டு எனக்கு எதுக்கு? நீ திரும்பி வரணும்னுதானே எல்லாம் செஞ்சேன்."

பொய் சொன்னால் தம்பிக்குக் காது சிவக்கும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அண்ணனுக்குத் தெரிந்த ரகசியம் அது. இப்போது கண்தான் சிவந்திருந்தது. காது சாதாரணமாக இருந்தது.

அப்படியானால் இவன் எதையும் கெடுக்கவில்லை. கெடுக்கவில்லை என்றால் அந்தச் சிவப்பு?

கண்டக்டர் விசில் ஊதினார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான். அண்ணன் ஒரே தாவலாக பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்.

"எடுக்காதடா! எனக்குப் பதிலா அந்தப் பெட்டியைக் கட்டியிருந்தது நீதானேடா!"