வீட்டுக்கு அனுப்பிய டாக்டர்

"நாளைக்கு கோர்ட்ல மென்னு முழுங்காம சொல்லணும், அக்கா," என்றான் தம்பி, அவள் அசையாத கால்களுக்கடியில் தலையணையைச் சரிசெய்தபடி.

"மனசு வரலடா. வேணும்னு செஞ்சதில்லையே."

"கால் மரத்துப் போச்சு, ஒண்ணுக்கு வர்றதே தெரியலன்னு சொன்னே. சாதாரண முதுகுப் பிடிப்புன்னு மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பியாச்சு. தண்டுவட நரம்பு நசுங்கியிருக்குன்னு அன்னிக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா, நீ நடந்திருப்பே. நஷ்டஈடு வந்தாத்தான் உன் பிள்ளைங்க கரையேறும். பணத்தை டாக்டர்களுக்கான இன்ஷூரன்ஸ் குடுத்துரும்."

"நேத்தும் நீ தூங்கலியே?"

"கண்ணை மூடினா, நீ மாடிப்படி இறங்கி வர்ற சத்தம் கேக்குதுக்கா. எழுந்து ஓடிவந்து பார்த்தா, கட்டில்லதான் கிடக்கே."

மறுநாள் அவனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தான்.

"உங்களை வீட்டுக்கு அனுப்பின டாக்டர் இங்கே இருக்காராம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார்.

தம்பி நாற்காலியின் பிடியை விட்டான். அவளைச் சுற்றிக்கொண்டு போய், எதிர்த்தரப்பு வக்கீலின் பக்கத்தில் நின்றான்.

"நான்தான்," என்றான்.